வீட்டில் கிதார் ஒலிப்பதிவு: மாடி அறையின் முழக்கத்தை அடக்குவது எப்படி?

சாரல்வீதி, செங்கோட்டை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

காவடிச்சிந்து, கும்மி, தெம்மாங்கு மெட்டுகளை அக்கூஸ்டிக் கிதாரில் விரல்களால் மீட்டிப் பதிவு செய்து வருகிறேன். பாட்டுக் குரலோ தாளக் கருவியோ இல்லாமல் கிதார் மட்டுமே ஒலிக்க வேண்டிய பதிவுகள் என்பதால், ஒலியில் உள்ள சிறு குறைகூட மறைய இடமின்றி வெளியே தெரிந்துவிடுகிறது. என்னிடம் ஒரு கார்டியாய்டு கண்டென்சர் மைக் (முன்பக்க ஒலியையே மிகுதியாகக் கேட்பது), ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொடுக்கும் கருவி), ஒரு மடிக்கணினி ஆகியவை உள்ளன. இவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. சிக்கல் அறையில்தான் இருக்கிறது.

மாடியில் எடுத்துக் கட்டிய காங்கிரீட் அறை அது. நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவர்களும் சிமெண்டுப் பூச்சு, தரையில் டைல்ஸ், மேற்கே ஒரு ஜன்னல். அறைக்குள் ஒரு நாற்காலியும் மேசையும் தவிர வேறு சாமான்கள் இல்லை. நடுவில் நின்று கைதட்டினால், தகரத்தை நகத்தால் சுரண்டுவதுபோல் "ட்ர்ர்ர்" என்று ஒரு வால் ஒலி தொடர்கிறது. அறையின் நடுவில் அமர்ந்து வாசித்தால் ஐந்தாவது கம்பி, அதிலும் குறிப்பாக அதன் முதல் ஃபிரெட் (கழுத்தில் உள்ள முதல் உலோகக் கட்டு), மற்ற சுரங்களையெல்லாம் விழுங்கும் அளவுக்கு முழங்குகிறது. அதே விசையில் நான்காவது கம்பியை மீட்டினால் ஒலி சட்டென்று மெலிகிறது. கிதாரை வெளியே மொட்டை மாடியில் வைத்து வாசித்துப் பார்த்தபோது இந்த ஏற்றத்தாழ்வு அறவே இல்லை.

தென்காசியில் ஒரு கடைக்காரர், 1 அங்குலத் தடிமனுள்ள நுரைத் தகடுகளை நான்கு சுவர்களிலும் ஒட்டிவிட்டால் போதும் என்கிறார். முட்டை அட்டைகளை ஒட்டினாலே சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பணத்தைச் செலவிடும் முன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன். கீழே நாட்டு ஓடு வேய்ந்த பழைய கூடம் ஒன்றும் இருக்கிறது. ஆனி பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் ஓட்டின்மேல் விடாமல் இரைவதால் அதை விட்டு மாடிக்கு வந்தேன்.

கணவாய்க்காற்று, கொழிஞ்சாம்பாறை

தம்பிக்கு வணக்கம். அறையின் அளவுகளைத் தெளிவாகக் கொடுத்திருப்பதால் பதிலும் தெளிவாகச் சொல்ல முடிகிறது. உங்கள் அறையில் இரண்டு தனித்தனிக் குறைகள் உள்ளன. கடைக்காரர் சொல்லும் நுரை அவற்றில் ஒன்றைப் பாதி தீர்க்கும், மற்றதைத் தொடவே தொடாது. ஆகவே நுரையை இப்போதைக்கு மறந்துவிட்டு, ஒரு பைசாச் செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஐந்தாவது கம்பியின் முழக்கத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் அது மோதித் திரும்பும்போது, அந்த இடைவெளிக்குப் பொருந்துகிற சில அதிர்வெண்கள் மட்டும் நிலையலைகளாக அறைக்குள் தங்கிப் பெருகுகின்றன. 10 அடி என்பது 3.05 மீட்டர். அகலவாட்டில் முதல் நிலையலை 57 ஹெர்ட்ஸிலும் இரண்டாவது 114 ஹெர்ட்ஸிலும் எழும். உயரமும் அதே 10 அடி என்பதால் உயரவாட்டிலும் அதே எண்களே வந்து, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஐந்தாவது கம்பி 110 ஹெர்ட்ஸ், அதன் முதல் ஃபிரெட் 116.5 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் நடுவில் 114 நிற்பதைப் பாருங்கள். போதாக்குறைக்கு, கிதார்க் கூட்டுக்குள் இருக்கும் காற்றே பெரும்பாலான கிதார்களில் 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் அதிரும். கிதாரும் அறையும் ஒரே இடத்தில் சேர்ந்து குரல் எழுப்புவதுதான் நீங்கள் கேட்கும் முழக்கம்.

நான்காவது கம்பி மெலிவதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அதன் அதிர்வெண் 147 ஹெர்ட்ஸ். உங்கள் அறையின் நீளவாட்டில் எழும் மூன்றாவது நிலையலை 143 ஹெர்ட்ஸ். அந்த அலை அறையின் நட்டநடுவில் அழுத்தமே இல்லாமல் அடங்கிக் கிடக்கும். 114 ஹெர்ட்ஸ் அலையோ அகலவாட்டில் நட்டநடுவில்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டு குறைகளும் மிகுந்து தெரியும் ஒரே புள்ளியில், அதாவது அறையின் நடுவில், நீங்கள் நாற்காலியைப் போட்டிருக்கிறீர்கள்.

எனவே நாற்காலியை நகர்த்துங்கள். 114 ஹெர்ட்ஸ் அலை பக்கச் சுவரிலிருந்து அகலத்தின் கால் பங்கில், அதாவது இரண்டரை அடியில், அடங்கியிருக்கும். கிதாரும் மைக்கும் அந்தக் கோட்டில் வரட்டும். நீளவாட்டில் முதுகுப்புறச் சுவரிலிருந்து மைக் 4 முதல் 5 அடிக்குள் இருந்தால் நான்காவது கம்பியின் மெலிவும் குறையும். நாற்காலியில் அமர்ந்து வாசிக்கும்போது மைக் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் நிற்கும். அது 10 அடியில் கால் பங்கு என்பதால் உயரவாட்டு அலையும் அங்கே அடங்கியே இருக்கும். தரையில் சம்மணமிட்டு அமர்ந்தால் அந்த நன்மை போய்விடும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கார்டியாய்டு மைக் காற்றழுத்தத்தை மட்டுமல்லாமல் காற்றின் அசைவையும் உணரக்கூடியது, அழுத்தம் அடங்கும் இடத்தில் அசைவு மிகும். ஆகவே மைக்கின் முகம் அறையின் நீளவாட்டில் பார்க்கும்படி வையுங்கள். அப்போது அகலவாட்டு அசைவு மைக்கின் பக்கவாட்டில் வந்து, பதிவில் ஏறாமல் கடந்துவிடும். கதவும் ஜன்னலும் இருப்பதால் இந்த அளவுகள் அரை அடி முன்பின் ஆகலாம். ஐந்தாவது கம்பியை மீட்டிக்கொண்டே, ஹெட்போனில் கேட்டபடி மைக்கைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பார்த்து, முழக்கம் அடங்கும் இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறை அந்த "ட்ர்ர்ர்" ஒலி. வெறுஞ்சுவர்களுக்கு நடுவில் ஒலி மாறிமாறி மோதிக்கொண்டே இருப்பதால் வருவது அது. அறையின் எதிரொலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கு முதன்முதலில் கணக்கு வகுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். பேச்சே புரியாத அளவுக்கு எதிரொலித்த ஒரு விரிவுரை அறையைச் சீர்செய்யும் பொறுப்பு 1895இல் அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வரச் செய்து, ஒவ்வொன்றாகப் பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்திய பின் ஒலி எவ்வளவு நேரம் காதில் விழுகிறது என்று அளந்து அவர் அந்தக் கணக்கைக் கண்டடைந்தார். அவருடைய கணக்கை உங்கள் அறைக்குப் போட்டால், 34 கன மீட்டர் கொள்ளளவும் 63 சதுர மீட்டர் பரப்பும் கொண்ட வெறும் சிமெண்டு அறையில் எதிரொலி அடங்க 4 நொடிக்கு மேல் ஆகும். கதவு, ஜன்னல், உங்கள் உடல் எல்லாம் அதைக் குறைக்கும் என்றாலும் கிதாருக்கு அது மிக அதிகம். அதே அறையில் 5 சதுர மீட்டர் அளவுக்குத் தடித்த மெத்தைகளை நிறுத்தினால் அது ஒரு நொடிக்குள் வந்துவிடும். மூன்று ஒற்றைக் கட்டில் மெத்தைகள் அந்த அளவுக்குப் போதும்.

இதனால் கிடைக்கும் உண்மையான பலன் மைக்கின் தூரத்தில் தெரியும். கிதாரின் நேரடி ஒலியும் அறையின் எதிரொலியும் சமமாகும் தூரம் வெற்று அறையில் 16 சென்டிமீட்டர் என்றால், மெத்தை வைத்த பின் 35 சென்டிமீட்டர் ஆகிறது. 16 சென்டிமீட்டரில் வைத்த மைக் கிதாரின் ஒரு துண்டை மட்டுமே கேட்கும். மரத்தின் ஒலி, கம்பியின் ஒலி, விரல் படும் ஒலி எல்லாம் கலந்து கிதாராக முழுமை பெறுவதற்கு ஒரு சாண் தூரத்துக்கு மேல் வேண்டும். அந்தத் தூரத்தை நமக்கு வாங்கித் தருவதற்காகவே மெத்தைகள்.

1 அங்குல நுரை ஏன் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட பொருள்கள், தம் தடிமன் அலைநீளத்தின் கால் பங்கை எட்டும்போதுதான் முழுமையாக உறிஞ்சும். 1 அங்குலத்துக்கு அது 3,400 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த நுரையை ஒட்டுவதும் ஒட்டாததும் ஒன்றே. நான்கு சுவர்களிலும் அதை ஒட்டினால் கம்பியின் பளபளப்பு மட்டும் செத்து, முழக்கம் அப்படியே நிற்கும். அத்தகைய பதிவுகளை நிறையக் கேட்டிருக்கிறேன். நல்ல வாசிப்பு வீணாவதைக் கேட்க மிகவும் வருத்தமாக இருக்கும். முட்டை அட்டை அதைவிடவும் மெல்லியது.

குழித்துறை ஆற்றங்கரை

மேலே உள்ள பதிலுடன் முழுவதும் உடன்படுகிறேன். மைக் வைக்கும் இடம் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

மைக்கை ஒலித்துளைக்கு நேராக ஒருபோதும் வைக்க வேண்டாம். கூட்டுக்குள் அதிரும் காற்று அந்தத் துளை வழியாகத்தான் வெளியே தள்ளப்படுகிறது. கார்டியாய்டு மைக் எதையும் அருகில் வைத்தால் கீழ் ஒலிகளை (தாழ்ந்த சுருதி ஒலிகளை) தானாகவே பெருக்கிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால், அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பதிவு முழங்கும். கழுத்து கூட்டில் சேரும் இடத்தை, ஏறக்குறைய 12ஆம் ஃபிரெட் முதல் 14ஆம் ஃபிரெட் வரை, குறிபார்த்து 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கம் மிகக் குறைவாகவே கேட்கும் என்பதால், அந்த முதுகு மேற்கு ஜன்னலைப் பார்க்கட்டும். அப்படியானால் மைக் பார்ப்பது உங்களையும் உங்கள் பின்னால் உள்ள சுவரையும்தான். எனவே முதல் மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும், இரண்டாவது இரண்டரை அடி தள்ளியிருக்கும் அந்தப் பக்கச் சுவரில். பலர் மைக்குக்குப் பின்னால் கம்பளியைத் தொங்கவிட்டு, தமக்குப் பின்னால் வெறுஞ்சுவரை விட்டுவிடுகிறார்கள், அது தலைகீழ்.

சாரல்வீதி, செங்கோட்டை

அண்ணாச்சிமார் இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

நாற்காலியைப் பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடிக்கு நகர்த்தி, மைக்கை நீளவாட்டில் திருப்பி வைத்துப் பதிவு செய்து கேட்டேன். நல்லவேளையாக ஜன்னல் 10 அடிச் சுவரில் இருப்பதால் மைக்கின் முதுகும் தானாகவே அதை நோக்கி அமைந்துவிட்டது. ஐந்தாவது கம்பி மற்ற கம்பிகளோடு ஒரே வரிசைக்கு வந்துவிட்டது. முதல் ஃபிரெட்டில் மட்டும் சிறிது கனம் மிஞ்சியிருக்கிறது. அதை ஈக்வலைசரில் (குறிப்பிட்ட ஒலிகளை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) ஓரிரு டெசிபல் குறைத்தாலே போதும் என்று தோன்றுகிறது. நான்காவது கம்பியின் மெலிவு போய்விட்டது. எதையும் வாங்காமல் இவ்வளவு மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது மெத்தை பற்றிய ஐயம். வீட்டில் இருக்கும் மெத்தைகளைத் தினமும் மாடிக்குச் சுமந்து இறக்க இயலாது. நிரந்தரமாகச் சுவரில் மாட்டும்படி செய்துகொள்ள விரும்புகிறேன். எங்கள் ஊரில் சாரல் காலத்தில் மூலையில் வைத்த துணி தானாகப் பூசணம் பிடிக்கும். இலவம் பஞ்சு, தேங்காய் நார், ராக்வூல் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மேற்குத்தொடர், கம்பம்

உங்கள் கேள்வி எங்கள் பகுதிக்கே உரியது. போடி இலவம் பஞ்சுக்குப் பெயர் பெற்ற ஊர். குமுளி மலையைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஆலப்புழை வரை தேங்காய் நார் வணிகம். இரண்டையும் சுவரில் மாட்டிப் பழகிய அளவில் சொல்கிறேன்.

இலவம் பஞ்சின் இழை உள்ளே கூடானது. எடை மிகக் குறைவு, ஒலியை நன்றாக உறிஞ்சும். ஆனால் செங்குத்தாக நிறுத்தினால் நாளடைவில் பஞ்சு கீழே சரிந்து, மேல் பாதி வெறும் துணியாகிவிடும். ஒவ்வொரு முக்கால் அடிக்கும் குறுக்குத் தையல் போட்டு அறை அறையாகப் பிரித்தால் சரியாது. எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் மின்கம்பி, ஸ்விட்ச் பெட்டி அருகில் அதை மாட்டவே கூடாது. ரப்பர் பால் சேர்த்து அழுத்திய தேங்காய் நார்ப் பலகை சரியாது. மெத்தைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். நாரின் இடைவெளி பெரிது என்பதால் 2 அங்குலத்தில் அதன் வேலை குறைவு. 4 அங்குலம் இருந்தால் நன்று.

உங்கள் ஊர் ஈரத்துக்கு என் தேர்வு ராக்வூல். கல்லை உருக்கி இழையாக்கிச் செய்வதால் அது மட்காது, பூசணத்துக்கு இரையாகாது, தீப்பிடிக்காது. கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தியுள்ள 2 அங்குலப் பலகைகளைக் கேட்டு வாங்கி, இரண்டிரண்டாக அடுக்கி 4 அங்குலமாக்குங்கள். ரீப்பர் கட்டையில் 4 அடிக்கு 2 அடிச் சட்டம் அடித்து, உள்ளே பலகையை வைத்து, துணியால் இழுத்துப் போர்த்தி ஆணியடித்துவிடலாம். 5 சதுர மீட்டருக்கு இப்படிப்பட்ட சட்டங்கள் ஏழு வேண்டும். வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். இழை தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் ஏறக் கூடாது. துணி நெருக்கமாக நெய்யப்பட்டிருந்தால் பலகையிலிருந்து தூசி வராது.

துணியைத் தேர்வதில் கவனம் தேவை. கடையிலேயே துணியை வாயருகில் பிடித்து ஊதிப் பாருங்கள். மறுபுறம் வைத்த உள்ளங்கையில் மூச்சு தாராளமாகப் பட்டால் அது நல்ல துணி. காடாத்துணி இந்தச் சோதனையில் தேறும்; ரெக்சினும் மழைக்கோட்டுத் துணியும் தேறாது. மூச்சு புகாத துணியைப் போர்த்தினால் உள்ளே எவ்வளவு விலையுயர்ந்த பொருள் இருந்தாலும் மேல் ஒலிகள் துணியில் மோதியே திரும்பிவிடும். தெர்மோகோல் வாங்க வேண்டாம். அதற்குள் காற்று புகாது, ஆகவே உறிஞ்சுவதும் இல்லை.

மாட்டும்போது சுவரோடு ஒட்டவிடாமல் 3 அல்லது 4 அங்குல இடைவெளி விடுங்கள். பின்னால் காற்று ஓடுவதால் சுவரில் ஊறும் ஈரம் துணியில் ஏறாது. அதைவிட முக்கியமாக, இடைவெளியும் தடிமனோடு சேர்ந்து வேலை செய்து, பலகை இன்னும் கீழ் ஒலிகளைத் தொடும். இரண்டு சட்டங்களை மூலைகளில் சாய்த்து நிறுத்துங்கள். எல்லா நிலையலைகளும் மூலையில் அழுத்தம் மிகுந்து நிற்பதால், ஐந்தாவது கம்பியில் மிஞ்சியிருக்கும் அந்தச் சிறு கனத்தை ஈக்வலைசர் இல்லாமலேயே அது குறைக்கக்கூடும். ஒன்றை உங்கள் தலைக்கு மேலே தளத்திலிருந்து தொங்கவிடுங்கள், கொக்கியை உறுதியாகப் போட்டு. எதிர்ச் சுவரை வெறுமையாகவே விட்டுவிடலாம். கிதாருக்குச் சிறிது அறை ஒலி தேவை. அனைத்தையும் மூடினால் வாசிப்பவருக்கே தம் ஒலி கேட்காமல், கை தானாக ஓங்கி அடிக்கத் தொடங்கிவிடும்.

புளியரைக் கரை

தம்பி, எல்லோரும் மாடி அறையைச் சீர்செய்வதிலேயே நிற்கிறார்கள். நான் உங்கள் கூடத்துக்காகப் பேச விரும்புகிறேன். சரிந்த ஓட்டுக் கூரைக்கும் தரைக்கும் இடையில் ஒலி மாறிமாறி மோத வழியில்லை, ஏனெனில் இரண்டும் இணையாக இல்லை. நாட்டு ஓட்டின் இடுக்குகள் வழியாகக் கீழ் ஒலிகள் வெளியேறிவிடுகின்றன. உத்தரமும் கைமரங்களும் மேல் ஒலிகளைப் பல திசைகளில் சிதறடிக்கின்றன. காங்கிரீட் அறையில் பணம் போட்டு எதைப் பெற முயல்கிறோமோ, அதில் பெரும்பகுதி அந்தக் கூடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. காவடிச்சிந்து மெட்டுக்கு அந்தக் கூடத்தின் ஒலி பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

சாரல் இரைச்சல் உண்மைதான். மெத்தையோ ராக்வூலோ வெளி இரைச்சலைத் தடுக்காது; அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும், ஓட்டுக் கூரையில் இரண்டும் ஆகாத காரியம். ஆகவே காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனி முதல் ஆவணி வரையும், பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மாடி அறை. தை முதல் சித்திரை வரை கூடம். அங்கே காற்றாடியை நிறுத்திவிட்டு, விடியற்காலையில், பறவைகள் எழுவதற்கு முன் பதிவு செய்யுங்கள். இரவில் சில்வண்டின் ஒலி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறி நிற்கும். கம்பியின் மேல் ஒலிகளோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்கவே முடியாது. கொல்லம் பாதையில் ரயில் வரும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது தரை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறும் என்பதால் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் மடித்த சணல் சாக்கைப் போடுங்கள்.

கூடத்தில் மைக்கை 40, 50 சென்டிமீட்டர் வரை பின்னால் இழுக்கலாம். காவிச் சிமெண்டுத் தரையிலிருந்து திரும்பும் ஒலி மட்டும் தொல்லை தரும். நாற்காலிக்கும் மைக்குக்கும் இடையில் ஒரு தடித்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தால் அதுவும் தணியும். வேறெதுவும் அங்கே மாட்ட வேண்டாம்.

சாரல்வீதி, செங்கோட்டை

புளியரை அண்ணாச்சி, நீங்கள் சொன்ன பிறகு கூடத்தில் கைதட்டிப் பார்த்தேன். அந்த வால் ஒலி அங்கே இல்லை. சாரல் முடியும்வரை மாடி அறையில் தொடர்கிறேன். ராக்வூல் சட்டங்கள் ஏழில் நான்கை இப்போது செய்து, முதுகுப்புறத்துக்கு இரண்டும் பக்கச் சுவருக்கு ஒன்றும் தலைக்கு மேலே ஒன்றுமாக வைத்துக் கேட்டுவிட்டு, மூலைச் சட்டங்கள் தேவையா என்று முடிவு செய்வேன். ரீப்பர் கட்டைக்கு இன்று தச்சரிடம் அளவு கொடுத்துவிட்டேன்.